மூன்றாவது முத்திரை

மதகுக் குடிலின் சன்னல் பலகையில் ஐந்து தேநீர்க் கிண்ணங்கள் இருந்தன. டோமெகிச்சி விடிந்ததிலிருந்து அரைமணிக்கு ஒரு தரம் சரிவில் இறங்கி, தொட்டிச் சுவரின் அடியில் கசிகிற தண்ணீரை ஒரு கிண்ணத்தில் பிடித்து வந்து வைத்துக்கொண்டிருந்தான். முதல் மூன்றிலும் கிண்ணத்தின் அடியில் வரைந்திருந்த நீலப் புல் தெரிந்தது. நான்காவதில் புல் மங்கியிருந்தது. ஐந்தாவதில் புல்லைக் காணவில்லை.

அவன் மனைவி ஷிகே அந்தக் கிண்ணத்தை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். பார்த்துவிட்டு இருந்த இடத்திலேயே வைத்தாள்.

"தெளிஞ்சு வந்தா, பனி உருகுது, மலை அழுவுதுன்னு விட்டுடலாம்," என்றான் டோமெகிச்சி. "கலங்கி வந்தா உள்ளேருந்து மண்ணு போவுதுன்னு அர்த்தம்."

"எவ்வளவு நேரம் தாங்கும்?"

"தெரியாது." அவன் மறுபடி கிண்ணத்தைப் பார்த்தான். "தெரிஞ்சா இப்படிப் பயப்பட மாட்டேன்ல."

ஜப்பானில் தைஷோ பேரரசர் பட்டமேறிய மூன்றாம் ஆண்டு, மார்ச் பதினேழாம் தேதி அது. ஆற்றிலிருந்து மலையோரமாகக் கால்வாய் வெட்டி, அந்தத் தண்ணீரை இந்தத் தொட்டியில் நிறுத்தி, இரும்புக் குழாயில் கீழே விழவைத்துத்தான் ஒஷிதா மின்விளக்குக் கம்பெனி ஒஷிதா ஊருக்கு விளக்கு கொடுத்தது. பகலில் பட்டு ஆலைக்கு, இருட்டினால் வீடுகளுக்கு. குழாயும் மின்நிலையமும் தொட்டிக்கு மேற்கே. தொட்டிக்கு நேர் கீழே எங்கள் கிரிகுபோ, ஏழு வீடு. எங்களுக்கு விளக்கு கிடையாது. ஏழு வீட்டுக்காகக் கம்பி இழுக்கக் கட்டுப்படியாகாது என்றார்கள். தண்ணீர் மட்டும் எங்கள் தலைக்கு மேல் நின்றது.

மதகை இறக்கினால் கால்வாய் நின்றுவிடும், தொட்டி வடிந்துவிடும். சக்கரத்தை நாற்பது சுற்று சுற்றினால் போதும். ஆனால் சக்கரத்துக்கு மேலே சுவரில் கம்பெனியின் விதி ஒட்டியிருந்தது. அது ஹெய்சுகேயால் வந்த விதி. முந்தைய மதகுக்காரன் ஹெய்சுகே இரண்டு வருஷத்துக்கு முன் சுவரில் ஈரத்தைக் கண்டு பயந்து தானாகவே மதகை இறக்கிவிட்டான். அன்று ஊரில் மாகாண ஆளுநருக்கு விருந்து. ஆளுநர் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மீனுக்கு முள் எடுத்தார். தொட்டியைச் சோதித்தால் ஒன்றுமில்லை, வெறும் பனிநீர். ஹெய்சுகேயின் வேலை போனது. அவனுக்குப் பிணை நின்ற மாமனாரின் காடும் நஷ்டஈட்டில் போனது. அதற்கப்புறம் இயக்குநர்கள் கூடி எழுதினார்கள்: மதகை இறக்க வேண்டுமானால் கோரிக்கைத் தாள் எழுதி மூன்று முத்திரை வாங்க வேண்டும். கீழிருந்து மேலே, முதலில் இயக்குநர் நெமோடோ, பிறகு நிர்வாக இயக்குநர் ஒகிட்சு, கடைசியில் தலைவர் குனிமோட்டோ. வரிசை மாறினால் தாள் செல்லாது.

டோமெகிச்சிக்குப் பிணை நின்றது அவன் அண்ணன் ஜின்பச்சி. ஜின்பச்சியின் வீடுதான் கிரிகுபோவில் தொட்டிக்கு மிக அருகே, சரிவின் காலடியில்.

"டெலிபோன்ல மின்நிலையத்துக்குச் சொன்னேன்," என்றான் டோமெகிச்சி, தூரிகையைக் கழுவிக்கொண்டே. "தாள் இருந்தா நிறுத்துறேன், இல்லாட்டி சாமியே எறங்கி வந்தாலும் நிறுத்த மாட்டேங்கறான் அங்க வேலை பாக்குற யமானே. நான் சக்கரத்த விட்டு நகர முடியாது. நீதான் போகணும்."

"போறேன். நடுவுல ரொம்ப மோசமாப் போச்சுன்னா?"

அவன் மை காய்வதற்காகத் தாளை ஊதிக்கொண்டே இருந்தான். மை எப்போதோ காய்ந்துவிட்டிருந்தது.

ஷிகே தாளை மடித்து எண்ணெய்த் துணியில் சுற்றி மார்புக்குள் வைத்துக்கொண்டாள். வைக்கோல் செருப்பைக் கட்டிக்கொண்டு சரிவில் இறங்கினாள். பாதிவழியில் கசிவுச் சத்தம் கேட்டது. முந்தின நாள் வரை அதற்குச் சத்தம் கிடையாது.

ஜின்பச்சி வயலில் நின்று பனிமேல் அடுப்புச் சாம்பலைத் தூவிக்கொண்டிருந்தான். சாம்பல் பட்ட இடம் சீக்கிரம் உருகும். பாதி வயல் கறுத்திருந்தது, பாதி வெள்ளையாக இருந்தது.

"அத்தான், தொட்டி கசியுது. கலங்கலா வருது. ஒஷிதாவுக்குத் தாள் கொண்டுபோறேன்."

ஜின்பச்சி கூடையைக் கீழே வைக்கவில்லை. "மார்ச்சுல கசியாத எடம் எங்க இருக்கு? எங்க வீட்டு அடுப்படியே கசியுது."

"பிள்ளைங்கள மட்டுமாவது கோயில் மேட்டுக்கு அனுப்பி வைங்க அத்தான்."

"என்ன சொல்லி அனுப்புறது? எந்தம்பி காவல் காக்குற தொட்டி ஒடையப் போவுதுன்னா? சாயங்காலத்துக்குள்ள ஊரெல்லாம் பேசிடும். அப்புறம் ஒண்ணும் இல்லன்னு ஆனா? ஹெய்சுகே மாமனார் இப்ப எங்க வெறகு வெட்டுறார் தெரியுமா? தன்னோட சொந்தக் காட்டுலதான். கூலிக்கு." ஒரு பிடி சாம்பலை வீசினான். காற்று அதைத் திருப்பி அவன் முகத்திலேயே போட்டது. "மூணு முத்திரை இல்லாம அவன் கை சக்கரத்துல படக் கூடாது. நான் சொன்னேன்னு சொல்லு. நல்லா ஒறைக்கிற மாதிரி சொல்லு."

வீட்டு வாசலில் ஜின்பச்சியின் மனைவி யோனே கைக்குழந்தையோடு நின்றிருந்தாள். ஊறவைத்த கீரை பொதிந்த இரண்டு சோற்று உருண்டைகளை ஷிகேயின் கையில் திணித்தாள்.

"நெசமாவே கலங்கலா?" என்றாள் மெதுவாக.

"கலங்கல்தான்க்கா."

யோனே குழந்தையை முதுகில் போட்டுத் துணியால் இறுக்கிக் கட்டினாள். அன்றைக்கு முழுவதும் அவள் அந்த முடிச்சை அவிழ்க்கவில்லை. அடுப்பு வேலையையும் அப்படியேதான் செய்தாள். அவள் மூத்த மகன் நான். அப்போது எனக்குப் பத்து வயது. அம்மா ஏன் தம்பியைத் தரையில் விடமாட்டேனென்கிறாள் என்று எனக்கு அன்று விளங்கவில்லை. மற்றதெல்லாம் ஷிகே சித்தி பின்னாளில் சொன்னது. இதில் வருகிற பெரியவர்கள் எல்லோரும் போய்ச் சேர்ந்தபிறகுதான் அவளும் சொன்னாள்.

நெமோடோ பட்டுப்புழு முட்டை வியாபாரி. மலைப்பிளவில் குளிர்காற்று வருகிற குகை ஒன்று அவருக்கு இருந்தது. அதில் பனிக்கட்டி அடுக்கி, முட்டை ஒட்டிய அட்டைகளைக் கோடைவரை தூங்க வைத்திருப்பார். ஷிகே போனபோது குகை வாசலில் ஆட்டுத்தோல் போர்த்திக்கொண்டு அட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

"வா, வா. மதகுக்காரி மலை எறங்கினா நல்ல சேதியா இருக்காதே," என்றார். தாளைப் படித்தார். சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. "கலங்கல்னு எழுதியிருக்கானே. எவ்வளவு கலங்கல்? டீ மாதிரியா, மிசோச் சாறு மாதிரியா?"

"நான் கிளம்புறப்ப டீ மாதிரி ஐயா."

"அப்ப இப்ப சாறாயிருக்கும்." இடுப்புப் பையிலிருந்து முத்திரையை எடுத்து, அதன்மேல் வாயால் ஊதினார். "உன் அதிர்ஷ்டம், முதல் முத்திரை என்னோடது. முதல் முத்திரை குத்துறவனுக்குக் கவலையே கிடையாது. மேல ரெண்டு பேர் பாத்துக்குவாங்கன்னு குத்திடலாம். கடைசி முத்திரைக்காரருக்கும் கவலை கிடையாது, கீழ ரெண்டு பேர் பாத்திருப்பாங்கன்னு குத்திடுவார். மாட்டிக்கிறது எப்பவும் நடுவுல இருக்கிறவன்தான். ஒகிட்சுகிட்ட நான் சொன்னேன்னு சொல்லிடாதே."

குத்தினார். சிவப்பு நேராக விழுந்தது.

"அப்புறம் ஒகிட்சுவப் பாத்தேன்னா இன்னொண்ணும் கேளு. மூணு நாளா என் பனிக்கட்டிய வண்டி வச்சு அள்ளிட்டுப் போறாரே, எதுக்காம்? பட்டறையில வடிக்கிற சாக்கே புளிச்சிடுமாம். வயல்ல பனி இன்னும் மூடிக் கெடக்கு, இந்தக் குளிர்ல என்ன எழவு புளிக்கும்? முப்பது வருஷமா அவங்க பட்டறைக்கு ஒரு கட்டி ஐஸ் போனதில்ல."

ஷிகே அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. அவள் காதில் சரிவில் கேட்ட அந்தச் சத்தம் இருந்தது. நடக்கும்போது ஒவ்வொரு வாய்க்காலையும் குனிந்து பார்த்தாள். எல்லாம் தெளிவாக ஓடின. தெளிவாக ஓடுவதைப் பார்க்கும்போது அவளுக்கு அழுகை வந்தது.

ஒகிட்சுவின் பட்டறையில் சாக்கே என்கிற அரிசி மது வடிக்கிற பருவம். அந்த நாட்களில் பெண் உள்ளே கால்வைக்கக் கூடாது. வாசலுக்கு வெளியே நிற்க வைத்தார்கள். உள்ளே வெந்த அரிசியின் ஆவி, ஆண்கள் துடுப்பால் கிண்டிக்கொண்டே பாடுகிற பாட்டு. சோற்று உருண்டையை எடுத்தாள். ஒரு வாய்க்கு மேல் இறங்கவில்லை. மத்தியானச் சங்கு ஊதியது.

ஒகிட்சு வந்தார். மெலிந்த மனிதர், வெள்ளைத் துணியைத் தலையில் கட்டியிருந்தார். கம்பெனியை நடத்துவது அவர்தான் என்று எல்லோருக்கும் தெரியும். தலைவர் குனிமோட்டோ பெரிய நிலக்காரர், அவர் பேருக்காகப் பங்கு வாங்கியவர்கள் பாதிப்பேர். ஒகிட்சு தாளை ஒரு தரம் படித்தார். திரும்பவும் முதல் வரியிலிருந்து படித்தார்.

"இருபதாம் தேதி பங்குதாரர் பொதுக்கூட்டம். உம் புருஷனுக்குத் தெரியுமா?"

"தெரியும் ஐயா."

"பங்கு வச்சிருக்கிற ஆத்துமுகத்து ஊர்க்காரங்க தொண்ணூறு பேர் வரப் போறாங்க. நம்மளத் தூக்கிட்டு அவங்க ஆள உக்கார வைக்க. இந்த மூணு நாள்ல ஊர் ஒரு தரம் இருட்டாச்சுன்னா போதும் அவங்களுக்கு. வேற ஒண்ணுமே வேண்டாம்." தாளை விரலால் தட்டினார். "மூணு நாள் தாங்காதா?"

"அத தண்ணிகிட்டதான் கேக்கணும் ஐயா."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். கோபப்படப் போகிறார் என்று நினைத்தாள். கோபப்படவில்லை. தெருவின் அந்தக் கோடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே பாட்டு ஒரு சுற்று முடிந்து மறுபடி தொடங்கியது.

"ஏழு வீடுன்னு எழுதியிருக்கான்."

"ஆமாங்க ஐயா. எங்க மூத்தார் வீடும் அதுல ஒண்ணு."

அவர் முத்திரையை எடுத்தார். தன் உள்ளங்கையின்மேல் தாளை வைத்தே குத்தினார். மை உலரும்வரை தாளைத் திருப்பித் தரவில்லை.

"தலைவர் வீட்டுக்கு நீயே போ."

"உடம்பு சரியில்லாமப் படுத்திருக்கார்னு சொன்னாங்களே ஐயா?"

"அவர்தான் படுத்திருக்கார். முத்திரை படுத்திருக்கல." சொல்லிவிட்டு உள்ளே திரும்பினார். வாசல் தாண்டியதும் நின்று, திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "அந்தம்மாகிட்ட ஏழு வீடுன்னு சொல்லு. மறக்காமச் சொல்லு."

குனிமோட்டோ வீட்டு வாசற்கதவு சாத்தியிருந்தது. சமையற்கட்டுப் பக்கமாகப் போய்க் குரல் கொடுத்தாள். வேலைக்காரர்கள் யாரையும் காணோம். அவ்வளவு பெரிய வீட்டில் தலைவரின் மனைவி ரியூ அம்மாளே வந்து கதவைத் திறந்தாள். அறுபது வயதிருக்கும். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"ஐயா தூங்குறார்."

"எழுந்ததும் ஒரு குத்து குத்தினாப் போதும்மா. நான் காத்திருக்கேன்."

"நாளைக்கு வா."

"நாளைக்கு வர்றதுக்கு நாங்க இருப்போமான்னு தெரியலம்மா."

ரியூ அம்மாள் அவளை மண்தரையில் போட்டிருந்த பாயில் உட்காரச் சொன்னாள். வெந்நீர் கொடுத்தாள். பிறகு ஒரு தட்டில் கஞ்சியும் உப்பிட்ட பழமும் வைத்து உள்ளறைக்குக் கொண்டுபோனாள். கதவு நகரும் சத்தம் கேட்டது. பேச்சுச் சத்தம் கேட்கவில்லை. இருமல் கேட்கவில்லை. கரண்டி கிண்ணத்தில் படும் ஓசைகூட இல்லை. சற்றுக் கழித்துத் தட்டோடு திரும்பினாள். கஞ்சியின் மேல் ஆடை கலையாமல் இருந்தது.

"பசியில்லையாம்," என்றாள்.

ஷிகே காத்திருந்தாள். இரண்டு மணி அடித்தது. இந்த நேரம் அவன் எத்தனை கிண்ணம் பிடித்திருப்பான் என்று எண்ணிப் பார்த்தாள். வீட்டில் இருக்கிற கிண்ணங்கள் தீர்ந்திருக்கும். உட்கார முடியவில்லை. முகம் கழுவிக்கொள்வதாகச் சொல்லிப் பின்பக்கக் கிணற்றடிக்குப் போனாள்.

அங்கேதான் அதைப் பார்த்தாள். உள்ளறையின் தரை, தரைமட்டத்திலிருந்து இரண்டு அடி உயரத்தில் தூண்கல்மேல் நின்றது. அதன் அடியில் மண் ஈரமாக இருந்தது. வட்டமாக, ஓரம் கறுத்து, நடுவில் சின்னக் குழி விழுந்திருந்தது. பலகை இடுக்கிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. அவள் தன்னையறியாமல் எண்ணினாள். பதினொன்று எண்ணியதும் அடுத்த சொட்டு. விரலை நீட்டிப் பிடித்துப் பார்த்தாள். தெளிவான தண்ணீர். பல் கூசுகிற குளிர்.

முப்பது வருஷமா ஒரு கட்டி போனதில்ல. நெமோடோவின் குரல் இப்போதுதான் அவள் காதில் விழுந்தது.

கிணற்றடியில் வெகுநேரம் நின்றாள். அப்படியே திரும்பிப் போய்விடலாமா என்றிருந்தது. வெறும் தாளோடு போனால் டோமெகிச்சி சக்கரத்தைத் தொடமாட்டான். அண்ணன் நிலத்தை நினைத்துத் தொடமாட்டான். அவனை அவளுக்குத் தெரியும். நல்லவன். விதி என்றால் விதி.

சமையற்கட்டுக்குத் திரும்பி வந்து, உட்காராமல் சொன்னாள்: "அம்மா, உள்ளறைக்குக் கீழ தண்ணி சொட்டுது."

"கூரைப் பனி உருகுது."

"கூரைப் பனி கூரையிலேருந்துதாம்மா சொட்டும். இது தரைப்பலகையிலேருந்து சொட்டுது. இது இன்னிக்கு ஒரு நாள் ஈரம் இல்ல, மூணு நாள் ஈரம். எங்க வீட்டுல ஈரத்தப் பாத்துதான் காலம் ஓடுது. எனக்கு ஈரம் தெரியும்மா."

ரியூ அம்மாள் கஞ்சித் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அடுப்பில் விறகு சரிந்து பொறி பறந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள்.

"பதினாலாம் தேதி," என்றாள் ரியூ அம்மாள். "காலைல. கஞ்சி கேட்டார். ஆற வச்சுக் கொண்டுவந்தேன். ஆற வைக்காம வந்திருந்தா ஒரு வாய் குடிச்சிருப்பார்."

ஷிகே மண்தரையில் மண்டியிட்டுத் தலைகுனிந்தாள்.

"ஒகிட்சு வந்து கால்ல விழுந்தார். கூட்டத்துக்கு ஐயா பேர்ல ஓட்டுப் போட அதிகாரத் தாள் எழுதியாச்சாம். செத்தவர் ஓட்டு செல்லாதாம். அது போனா கம்பெனி ஆத்துமுகத்துக்காரங்க கைக்குப் போயிடுமாம். அதுவரைக்கும் வெளிய சொல்லாதீங்கன்னார். வேலைக்காரங்கள அனுப்பிட்டேன். ஒத்தையா, பனிக்கட்டி மாத்தி வச்சுக்கிட்டு, அவர்கூட இருக்கேன். சாம்பிராணிகூட ஏத்தல, மணம் தெருவுக்குப் போயிடும்னு." குரல் உடையவில்லை. உலர்ந்து போயிருந்தது. "ஒகிட்சுவுக்குத் தெரியாத ஒண்ணு இருக்கு. கூட்டம் முடிஞ்ச அன்னிக்கு நான் உண்மையச் சொல்லிடலாம்னு இருந்தேன். பதினாலுன்னு. கம்பெனி எக்கேடோ கெடட்டும். அவர் போன நாள அவர்கிட்டேருந்து புடுங்கிட்டு, வருஷா வருஷம் நான் எந்த நாள்ல அவரக் கும்பிடுறது? வழி தெரியாம நிப்பாரே."

ஷிகேயின் மார்புக்குள் இருந்த தாள் சுட்டது.

"அதக் குடு," என்றாள் ரியூ அம்மாள்.

தாளை விரித்துப் படித்தாள். தேதியின்மேல் விரல் நின்றது. உள்ளே போய், பட்டுப் பையில் முத்திரையும் சிவப்பு மையும் கொண்டுவந்தாள். சமையல் பலகையைத் துடைத்து அதன்மேல் தாளை வைத்தாள்.

"இத நான் குத்திட்டா, அவர் பதினேழாம் தேதி உயிரோட இருந்தாகணும். புரியுதா உனக்கு? அப்புறம் நான் என்னிக்கும் பதினாலுன்னு வாயெடுக்க முடியாது. எடுத்தா, உம் புருஷன் கள்ள முத்திரையில மதக எறக்கினவன். உங்க மூத்தாருக்கு நிலம் இருக்காது. எனக்கும் போலீசு."

ஷிகே அந்த நேரத்தில் தாளைத் திருப்பி எடுத்திருக்கலாம். பின்னாளில் எத்தனையோ தரம் எங்களிடம் சொன்னாள், கை நீட்டினால் எட்டுகிற தூரந்தான் என்று. அவள் கையை நீட்டவில்லை.

"எத்தனை வீடு?"

"ஏழு வீடும்மா. முப்பத்தோரு பேர்." பிறகு ஏனோ, "ஒகிட்சு ஐயா உங்ககிட்ட சொல்லச் சொன்னார், ஏழு வீடுன்னு," என்றாள்.

ரியூ அம்மாளின் கை அந்தரத்தில் நின்றது. ஒரு மூச்சு நேரம். "அப்படியா சொன்னார்," என்றாள். குத்தினாள். முத்திரையின்மேல் தன் முழு பாரத்தையும் போட்டு, எடுக்க மறந்தவள்போல் அப்படியே இருந்தாள்.

ஷிகே திரும்பி வரும்போது பாதை முழுதும் ஓடினாள். மேட்டில் மூச்சு வாங்க நின்றால் ஒரு பயம், ஓடினால் இன்னொரு பயம். கிரிகுபோ வளைவுக்கு வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு திரும்பினாள். திறந்தபோது ஏழு கூரையிலும் புகை எழும்பிக்கொண்டிருந்தது. யோனே வாசலில் நின்றிருந்தாள், குழந்தையை முதுகில் கட்டியபடி.

குடிலில் சன்னல் பலகை நிறைந்து, தரையிலும் கிண்ணங்கள். சோற்றுக் கிண்ணம், ஊறுகாய்ச் சட்டி, கடைசியில் அரிசிப் படி. படியில் இருந்தது தண்ணீர் இல்லை, சேறு. டோமெகிச்சி இரண்டு கையாலும் சக்கரத்தைப் பிடித்து நின்றிருந்தான். எவ்வளவு நேரமாக அப்படி நின்றானோ, விரல்கள் வெளுத்திருந்தன. சக்கரம் ஒரு இழைகூடத் திரும்பியிருக்கவில்லை.

"மூணுமா?"

"மூணும்."

அவன் தாளை வாங்கி ஒவ்வொரு முத்திரையாகப் பார்த்தான். மூன்றாவதைப் பார்த்தபோது அவன் முகம் இளகியது. "ஐயா எப்படி அழுத்திக் குத்தியிருக்கார் பாரு. படுக்கையில இருந்துகிட்டு," என்றான். "எழுந்து உக்காந்தாரா?"

"மதக எறக்குங்க," என்றாள் ஷிகே.

நாற்பது சுற்று. இருவரும் சேர்ந்து சுற்றினார்கள். மதகு போய் அடிக்கல்லில் உட்காரும் சத்தம் எங்கள் வீட்டு அடுப்படிவரை கேட்டது. தொட்டியில் தண்ணீர் தாழத் தாழ, பள்ளத்தாக்கின் கோடியில், அப்போதுதான் மஞ்சளாக ஏற்றியிருந்த ஊர்விளக்குகள் ஒருதரம் சிவந்து, அவிந்தன.

மறுநாள் காலை தொட்டி வடிந்தபிறகு தரைக்கல் ஒன்றைப் பெயர்த்துப் பார்த்தார்கள். கல்லுக்குக் கீழே மண் இல்லை. ஒரு குதிரையை நிறுத்தலாம், அவ்வளவு வெற்றிடம். என் அப்பா, ஜின்பச்சி, மேலே ஏறிப் போய் அதற்குள் எட்டிப் பார்த்தார். இறங்கி வந்து, மிச்ச வயலுக்குச் சாம்பல் தூவப் போனார். தூவ முடியவில்லை. கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்திருந்தார்.

இருபதாம் தேதி கூட்டத்தில் ஆற்றுமுகத்துக்காரர்கள் எழுந்து கத்தினார்களாம், மூன்று நாளாக ஊர் இருட்டு, இதுதான் நிர்வாகமா என்று. ஒகிட்சு அந்தத் தாளைத் தூக்கிக் காட்டினார். நோய்ப்படுக்கையில் கிடக்கிற தலைவர் தன் கையாலேயே முத்திரையிட்டு முப்பத்தோரு உயிரைக் காப்பாற்றியிருக்கிறார், விதியை எழுதியவர்கள் எவ்வளவு தொலைநோக்கோடு எழுதினார்கள் பாருங்கள் என்றார். கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது. தலைவரின் அதிகாரத் தாளை யாரும் சந்தேகிக்கவில்லை. மூன்று நாளைக்கு முன் முத்திரை குத்தியவர் உயிரோடிருப்பதைச் சந்தேகிப்பானேன்? மறுநாள் இருபத்தோராம் தேதி தலைவர் காலமானதாக அறிவித்தார்கள். சான்று எழுதிய வைத்தியர் ஒகிட்சுவின் மைத்துனர். ஊரே திரண்டது. அதே மாதத்தில் இயக்குநர்கள் கூடி, விதி இவ்வளவு நல்ல பலன் தந்ததால் இனி ஐந்து முத்திரை வேண்டும் என்று எழுதினார்கள்.

ஒகிட்சு தெரிந்தேதான் அவளை அந்த வீட்டுக்கு அனுப்பினாரா? ஏழு வீட்டுக்காக இரங்கினாரா, தன் தேதிக்கு ஒரு சாட்சி செய்துகொண்டாரா? ஷிகே சாகும்வரை இதற்கு ஒரு பதிலுக்கு வரவில்லை. கம்பெனி எழுத்தர் மலையேறி வருவதைப் பார்த்தாலே அவள் குடிலின் பின்பக்கம் போய்விடுவாள். டோமெகிச்சியிடம் அவள் கடைசிவரை சொல்லவில்லை. விதிப்படி நடந்தோம் என்ற நிம்மதி அவனுக்கு இருந்தது. அதைப் பிடுங்க அவளுக்கு மனமில்லை.

அடுத்த வருஷம் மார்ச் பதினாலாம் தேதி, கீரை விற்கப் போவதாகச் சொல்லிவிட்டு ஷிகே குனிமோட்டோ குடும்பத்து இடுகாட்டுக்குப் போனாள். பனி பாதி உருகியிருந்தது. புதுக்கல்லில் இருபத்தொன்று என்று ஆழமாக வெட்டியிருந்தது. ரியூ அம்மாள் ஏற்கெனவே அங்கே நின்றிருந்தாள். பூ இல்லை, சாம்பிராணி இல்லை. கையில் ஒரு மரச்செம்பு, மூடியிட்ட ஒரு கிண்ணம், அவ்வளவுதான்.

கிண்ணத்தில் கஞ்சி இருந்தது. ஆவி பறந்தது. ரியூ அம்மாள் அதை ஆற வைக்காமல் கல்லின்முன் வைத்தாள். பிறகு செம்பைச் சரித்துக் கல்லின் தலையில் தண்ணீர் ஊற்றினாள். தண்ணீர் எழுத்துகளுக்குள் இறங்கி, அந்தத் தேதியை நிரப்பிக்கொண்டு வழிந்து, புதுமண்ணுக்குள் போய், கல்லின் காலடியில் வேறொரு பக்கமாகக் கசிந்து வெளியே வந்தது.

ஷிகே குனிந்தாள். உள்ளங்கையை அதன் அடியில் வைத்துப் பிடித்து, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தாள்.

"எப்படி இருக்கு?" என்று ரியூ அம்மாள் கேட்டாள். முகத்தை அந்தப் பக்கம் திருப்பியிருந்தாள்.

ஷிகே விரலிடுக்கு வழியாக அது வடிந்து தீரும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள். கை காய்ந்தபிறகு ரேகைகளில் மெல்லிய மண் ஒட்டியிருந்தது.